தம்பி மாற்றிய மெட்டு, அப்பாவின் மௌனம்

கேள்வி: எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா நாற்பது வருஷமாக ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். தம்பி பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு பேண்ட் வைத்திருக்கிறான். டிசம்பர் கீத ஆராதனையில், எங்கள் பாட்டி தினமும் பாடிய பழைய கீர்த்தனை ஒன்றை டிரம்ஸும் பேஸ் கிதாரும் வைத்து வேறு மெட்டில் பாடினான். மூன்று சரணத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடினான். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை. "இது ஆராதனையா, கச்சேரியா?" என்கிறார் அப்பா. "அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கோஸ்பல் பாட்டை இப்படித்தான் மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். அங்கே யாரும் கோபப்படுவதில்லை" என்கிறான் தம்பி. யார் பக்கம் நியாயம்? இவர்களை எப்படிப் பேச வைப்பது?

— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் பாடகர் குழுவில் வளர்ந்தவள். கீத ஆராதனை நடுவே ஒருவர் எழுந்து வெளியே போனால் அந்த வரிசை முழுவதும் எப்படி உறைந்துபோகும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தம்பியிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அங்கே யாரும் கோபப்படவில்லை என்பது சரியல்ல. கோஸ்பல் என்கிற அந்தச் சபைப் பாட்டின் வரலாறே இப்படிப்பட்ட வருத்தங்களின் வரலாறுதான். 1871இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் கல்லூரிக்குப் பணம் திரட்டப் பாடப் புறப்பட்டார்கள். அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வயலிலும் குடிசையிலும் தாய் தகப்பன் பாடிய ஆன்மிகப் பாடல்களை மேடையில் பாட முதலில் அவர்களுக்கே மனம் வரவில்லை. அடிமை நாளின் வேதனை அதில் இருந்தது. பெற்றோருக்கு அது புனிதமான பாட்டாகவும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் மட்டும் பாடினார்கள். பிறகுதான் அவற்றைப் பல குரல்களில் ஒழுங்குபடுத்திச் சபையோர் முன் வைத்தார்கள். இன்று 'பழைய முறை' என்று நாம் கேட்பது பெரும்பாலும் அந்த மாணவர்கள் மாற்றிய முறையைத்தான்.

அடுத்தவர் தாமஸ் டார்சி. ஆலயத்துக்கு வெளியே பாடப்பட்ட ப்ளூஸ் இசையின் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். அந்தத் தாளத்தைச் சபைப் பாட்டுக்குள் கொண்டுவந்தபோது பல சபைகள் அவரை உள்ளேயே விடவில்லை. 1932இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், பிறந்த மகனும் இறந்தான். அந்தத் துக்கத்தில்தான், 19ஆம் நூற்றாண்டுச் சபை மெட்டு ஒன்றை எடுத்து, 'என் கையைப் பிடித்துக்கொள், ஆண்டவரே' என்று கேட்கிற பாட்டை எழுதினார். மெட்டு பழையது, அழுகை அவருடையது. இப்போது அந்தப் பாட்டு இல்லாமல் கறுப்பின மக்களின் அடக்க ஆராதனையை நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல நினைப்பது பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் கதை. தகப்பனார் சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற போதகர். பதின்வயதிலேயே தகப்பனாரின் சபையில் பாடிய மகள், 1960இல் வெளி உலகப் பாட்டுக்குப் போனார். 1972 ஜனவரியில், பெரும் புகழோடு, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்துக்குள் வந்து இரண்டு இரவு பாடினார். டார்சியின் பாட்டை, அப்போது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண நட்புப் பாட்டோடு பின்னிப் பாடினார். 'அமேசிங் கிரேஸ்' பாட்டைத் தாளமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பத்து நிமிஷத்துக்கு மேல் பாடினார். கேட்பவருக்குப் புதுமையாகத் தெரியும். உண்மையில், புத்தகம் இல்லாத காலத்தில் ஒருவர் வரி சொல்ல மற்றவர்கள் இழுத்துப் பாடிய கிராமத்துச் சபை முறையின் வழி வந்தது அது. அவ்வளவு மாற்றியவர் அந்தப் பழைய முறையைக் காதால் கேட்டு வளர்ந்தவர்.

இரண்டாம் இரவு தகப்பனார் முன் வரிசையில் இருந்தார். எழுந்து நின்று, என் மகள் சபையை விட்டுப் போனதே இல்லை என்றார். மகள் பியானோவில் பாடிக்கொண்டிருக்கும்போது அருகே போய் அவர் முகத்து வியர்வையைத் துடைத்தார். படப்பதிவில் அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இனி அப்பா பக்கம். மெட்டை மாற்றியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் கீர்த்தனைகளே அப்படிப் பிறந்தவைதானே. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கோயிலிலும் அரசவையிலும் ஆடிப் பாடிய குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஆராதனையில் தமிழ் இசைக்கு இடமில்லாமல் போவதைக் குறித்து, புதிதாக வந்த மிஷனரிமாரோடு பிற்பாடு வழக்காடினார். அதே சச்சரவில் சபைக்குள் சாதி வேறுபாட்டையும் அவர் தாங்கிப் பேசினார் என்பதை மறைக்கக் கூடாது. அந்தக் குறையைப் பின்னாளில் எதிர்கொண்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு. படித்தவர்களின் கர்நாடக இசையில் ஏழை ஜனத்தின் குரல் இல்லை என்று நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல் செய்தார். பாடுகிற ஜனம் தன் தேவைக்கு அதை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பாவின் கையிலுள்ள ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது வருஷம் அதை ஒதுக்கி வைத்திருந்தது. (இதையெல்லாம் அப்பாவிடம் வாதமாக வைக்க வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன்.)

நான் அப்பாவோடு நிற்பது சரணங்களில்தான். கோஸ்பலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கடைசியில் வரும். கதையைச் சொல்லி, பாரத்தை இறக்கி வைத்த பிறகு, இனிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்கிறபோது வரும். கீர்த்தனையில் கதை சரணத்தில் இருக்கிறது. பல்லவி கூப்பிடும்; ஏன் கூப்பிடுகிறது என்று சரணம் சொல்லும். இரண்டு சரணத்தை விட்டால் பாட்டி தினமும் பாடியதில் பெரும்பங்கு போய்விட்டது. அப்பா எழுந்தது டிரம்ஸ் சத்தத்துக்காக மட்டும் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் அம்மா பாடிய வரிகள் வரும் வரும் என்று காத்திருந்திருப்பார்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அன்று பெஞ்சில் இருந்தவர்கள் கூடப் பாடினார்களா? கை தட்டியதை எழுதியிருக்கிறீர்கள், பாடியதை எழுதவில்லை. ஆலயத்துக்குள் என்றால் வயதானவர்களின் குரல் எட்டுகிற சுருதியும், ஜனம் கூட வரக்கூடிய வேகமும் வேண்டும். இளைஞர் கூடுகையிலோ மேடையிலோ அவன் விருப்பப்படி விரிக்கட்டும். அதற்கு அப்பாவின் அனுமதி தேவையில்லை.

மன்னிப்புக் கேள் என்று தம்பியை வற்புறுத்தாதீர்கள். கேட்டாலும் அது வாயளவில்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வரச் சொல்லுங்கள். கிதார் பெங்களூரிலேயே இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்மோனியத்தை நீங்களே எடுத்து வையுங்கள். பக்கத்து ஊரில் அதே கீர்த்தனையை வேறு மெட்டில் பாடுவார்கள் அல்லவா, நம் ஊர் மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். நாற்பது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். தம்பி போனில் அதைப் பதிவு செய்யட்டும். அப்பா நிறுத்துகிற இடத்தில் அவன் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: "அப்பா, ரெண்டாவது சரணம் எனக்கு முழுசாத் தெரியாது. பாட்டி பாடுற மாதிரி ஒரு தடவை பாடிக் காட்டுங்க."