ஜெர்மனியில் பட்டப்படிப்பு: சேர்க்கைத் தகுதி குறித்த கேள்வி பதில்

ஜெர்மனியில் முதுநிலை படித்து முடித்து, அதன் பிறகு பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில், இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒருசேரப் பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பிக்க நமக்குத் தகுதி உண்டா என்பது ஒரு கேள்வி. தகுதியுள்ள பலரில் நம்மைத் தேர்ந்தெடுப்பார்களா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை நம் கையில் இருக்கும் சான்றிதழ்களைக் கொண்டே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் பணம் கட்டியவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்திருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை, ஒரு தாய்): என் மகள் பிளஸ் டூவில் 600க்கு 571 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அங்கே நேராக இளநிலைப் பொறியியல் சேர முடியுமா?

மதிப்பெண் சிறப்பாகவே இருக்கிறது. ஆனாலும் பிளஸ் டூவை மட்டும் வைத்து நேரடியாகச் சேர்வது பொதுவாக முடியாது. நம் பன்னிரண்டாம் வகுப்பை அவர்களுடைய அபிட்டூர் என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்கு முழுமையாக ஈடானதாக அவர்கள் கருதுவதில்லை என்பதே காரணம். இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருந்தால் தொழில்நுட்ப, அறிவியல் பாடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துத் தேறியிருந்தால், அதே துறையில் அங்கே முதலாண்டில் சேர விண்ணப்பிக்கலாம். மூன்றாவது, ஸ்டூடியன்கொலெக் எனப்படும் இரண்டு பருவ ஆயத்தப் படிப்பு. அதில் பொறியியலுக்கு டி பிரிவு, மருத்துவத்துக்கு எம் பிரிவு என்று துறைவாரியாகப் பிரித்திருப்பார்கள். அதில் நுழையவே ஜெர்மன் மொழியில் தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழியறிவில் பி1 அல்லது பி2 என்னும் இடைநிலைத் தரம் இல்லாமல் அந்தத் தேர்வைத் தாண்டுவது கடினம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், மகள் இங்கே ஒரு நல்ல கல்லூரியில் சேர்ந்து முதலாண்டைப் படித்துக்கொண்டே சென்னை கோதே நிறுவனத்தின் மொழி வகுப்பிலும் சேரட்டும் என்பேன். ஓராண்டு கழித்து மனம் மாறினாலும் இழப்பு எதுவும் இராது.

கேள்வி (கோவை, பி.இ. இறுதியாண்டு): என் சி.ஜி.பி.ஏ. 7.8. ஜெர்மன் மதிப்பீட்டில் 2.5க்குள் இருக்க வேண்டும் என்று நான் விரும்பும் படிப்பில் எழுதியிருக்கிறது. எனக்குத் தகுதி உண்டா?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிகுதியான குழப்பம் இங்கேதான் நேர்கிறது. அவர்கள் மதிப்பீட்டில் 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது தேர்ச்சிக்கான கடைசிப் படி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற, திருத்திய பவேரியச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்புக்கும் தேர்ச்சிக்கான குறைந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவதை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். உச்ச மதிப்பு 10, நீங்கள் பெற்றது 7.8, ஆக வித்தியாசம் 2.2. உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கான குறைந்த மதிப்பு 5 என்றால் 2.2ஐ 5ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட 2.32 வரும், நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள். அதே குறைந்த மதிப்பு 6 என்றால் 2.2ஐ 4ஆல் வகுக்க வேண்டும், விடை 2.65 ஆகி, வரம்புக்கு வெளியே போய்விடுவீர்கள். மதிப்பெண் ஒன்றேதான், தகுதி மட்டும் மாறிவிடுகிறது. எனவே உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே அச்சிட்டிருக்கும் கிரேடு அட்டவணையில் தேர்ச்சிக்கான கடைசிப் புள்ளி எது என்று பாருங்கள். கல்லூரியில் உங்கள் சீனியர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். அவர் வேறு ரெகுலேஷனில் படித்தவராக இருக்கலாம். அந்தப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு, மதிப்பீட்டு முறைக்குச் சான்று கேட்டுக் கடிதம் வந்த பிறகு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன் டேட்டா சயின்ஸ் முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாமா? மூன்றாண்டு பி.எஸ்சி. படித்த என் தம்பியின் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா?

முதல் கேள்விக்கு: பட்டத்தின் பெயரை விட, அதற்குள் என்ன படித்தீர்கள் என்பதையே அவர்கள் அலசிப் பார்க்கிறார்கள். ஈ.சி.டி.எஸ். என்பது ஐரோப்பாவில் படிப்புச் சுமையை அளக்கும் புள்ளி முறை; கணிதத்தில் இத்தனை புள்ளிகள், கணினி அறிவியலில் இத்தனை என்று பல படிப்புகளில் வரையறுத்திருப்பார்கள். ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மெக்கானிக்கலில் கணிதம் போதிய அளவு இருக்கும். நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் குறைவாகவே இருக்கும். உங்கள் சிலபஸை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் பாடங்களை இடப் பத்தியிலும், அவற்றுக்குப் பொருந்தும் உங்கள் பாடங்களை வலப் பத்தியிலும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வலப் பத்தியில் பாதி இடம் வெறுமையாக நின்றால், அந்தப் படிப்புக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள். உங்கள் துறையை ஒட்டிய வேறு படிப்பைத் தேடுங்கள்.

தம்பியைப் பொறுத்தவரை, மூன்றாண்டுப் பட்டம் என்பதே தடையாகாது, ஏனெனில் ஜெர்மனியிலும் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டுதான், 180 புள்ளிகள். ஆனால் மூன்று பருவங்களில் முடியும் 90 புள்ளி முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் 210 புள்ளிகளை எதிர்பார்க்கும். ஆகவே அவர் நான்கு பருவ, 120 புள்ளி படிப்புகளில் தேடட்டும். கூடவே, அவர் படித்த பல்கலைக்கழகம் அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் எச் பிளஸ் என்ற, அதாவது அங்கீகரிக்கப்பட்ட, நிலையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (சேலம்): ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமா? யூனி-அசிஸ்ட் என்பதும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு. ஏ.பி.எஸ். என்பது நம் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று டெல்லியில் சரிபார்க்கும் அமைப்பு. 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவிலிருந்து படிப்பு விசாவுக்கு விண்ணப்பிப்போர் மிகச் சில விலக்குகள் நீங்கலாக இதைக் காட்டியாக வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். ஒரு முறை பெற்றால் போதும். யூனி-அசிஸ்ட் என்பது பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைப் பெற்று முதற்கட்டமாகச் சரிபார்க்கும் நிறுவனம். ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோவும் வாங்குகிறது. சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் தரும் வி.பி.டி. என்ற முன்சரிபார்ப்பு ஆவணத்தை மட்டும் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை நேரடியாகத் தங்களிடமே அனுப்பச் சொல்லும். இதைக் கவனிக்காமல் யூனி-அசிஸ்ட் வரை போய் நின்றுவிட்டு, விண்ணப்பித்தாயிற்று என்று காத்திருந்தவர்கள் உண்டு.

அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 15. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15. ஆனால் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் பல, வெளிநாட்டு மாணவர்களுக்கு இதைவிட மாதக்கணக்கில் முன்னதாகவே கதவை மூடிவிடும். ஆகவே ஏ.பி.எஸ்.ஸை முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, ஒரு தந்தை): கல்விக் கட்டணமே இல்லை என்கிறார்கள்; ஆனாலும் லட்சக்கணக்கில் கணக்கில் காட்ட வேண்டும் என்கிறார்கள். எது உண்மை?

இரண்டுமே உண்மைதான், ஐயா. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. விதிவிலக்குகளைச் சொல்லியாக வேண்டும்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதிக்கிறது; அங்கே முதுநிலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ ஆகும்.

நீங்கள் சொல்லும் லட்சக்கணக்கான பணம், பிளாக்டு அக்கவுண்ட் என்று எல்லோரும் சொல்லும் கணக்கில் விசாவுக்காகப் போட்டுக் காட்ட வேண்டிய தொகை. 2024 செப்டம்பர் முதல் அது ஓராண்டுக்கு 11,904 யூரோ. அது யாருக்கும் கொடுக்கும் கட்டணம் அன்று. உங்கள் பிள்ளையின் பணம், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் அவர் கைக்கே திரும்ப வரும். மியூனிக் போன்ற நகரங்களில் அறை வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று முதலாண்டுக்குத் திட்டமிடாதீர்கள். சட்டம் ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்ய அனுமதிக்கிறது என்றாலும், முதல் பருவப் பாடச்சுமையும் மொழியும் அதற்கு இடம் கொடுப்பது அரிது.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கையிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் ஏ.பி.எஸ். உண்டா?

இல்லை. இந்தியா, சீனா, வியட்நாம் போன்ற சில நாடுகளுக்குத்தான் அது. அனபின் தளத்தில் இலங்கை என்ற பக்கத்தைத் திறந்து, உங்கள் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன மதிப்பு தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மதிப்பெண் மாற்றும் சூத்திரமும் பிளாக்டு அக்கவுண்ட் தொகையும் உங்களுக்கும் அவையேதான்.

கேள்வி (தஞ்சாவூர்): மதிப்பெண் பட்டியலில் இனிஷியலுடன் பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது. சிக்கல் வருமா?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக நிற்கும்போது, அது ஒரே ஆளா என்று ஜெர்மானிய அலுவலர் ஐயப்படுவதில் தவறில்லை. எல்லா விண்ணப்பங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் பெயரை எழுதுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் அதே வடிவம்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாக எழுதும் வழக்கம் உண்டு என்பதை நான்கு வரியில் விளக்கிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை, தந்தை பெயர் தெரியும் சான்றிதழோடு இணைத்து அனுப்புங்கள். நான் பார்த்தவரை அது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

கேள்வி (சென்னை): ஓர் ஏஜென்ட் ‘சேர்க்கை உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதி செய்யும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் இல்லை. உறுதி என்று சொல்வோர் பெரும்பாலும் அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனத்துக்கே அனுப்புவார்கள். அங்கிருந்து அவர்களுக்குக் கமிஷன் வரும். நான் அறிந்த ஒரு மாணவி, கட்டணமில்லாத படிப்புகள் ஐந்துக்குத் தகுதி இருந்தும், அது தெரியாமலே தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினாள். டி.ஏ.ஏ.டி. என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளை இலவசமாகத் தேடலாம்; சென்னையில் அதன் தகவல் மையமும் இருக்கிறது. முன்பணத்தைக் கேட்டவரிடம், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, அனபினில் அதன் நிலை என்ன, பருவத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளோடு இங்கே வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.