கார்ன் கேப் போட்டும் போகாத குதிகால் 'ஆணி'

குதிகால்ல ஆணின்னு நினைச்சு 2 மாசமா கார்ன் கேப் (ஆணிக்கு ஒட்டுற மருந்து பிளாஸ்டர்) போட்டும் போகலை, சீவினா கரும்புள்ளி தெரியுது, ரத்தம் வருது, கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா அது பெரும்பாலும் ஆணி இல்லை, மரு. ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்கிற வைரஸால வர்றது. அந்தப் புள்ளிகள் ரத்தம் உறைஞ்ச நுண்குழாய்கள்; ஆணிக்குள்ள அது இருக்காது.

பக்கவாட்டில் கிள்ளிப் பாருங்க. வலிச்சா மரு. நேரா அமுக்கும்போதுதான் வலின்னா ஆணி.

2 மாசம் கார்ன் கேப் ஒட்டியும் போகலைன்னா மருந்து மேல தப்பில்லை, அதுலயும் இருக்கிறது மருவுக்குப் போடுற சாலிசிலிக் ஆசிட்தான். செத்த தோலைத் தேய்க்காம ஒட்டினா உள்ளே இறங்காது. ராத்திரி வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவெச்சு, அதுக்குன்னே ஒரு எமரி போர்டு (நகம் தேய்க்கிற சொரசொரப்பான அட்டை) வெச்சுத் தேய்ங்க. சுத்தி வாசலின் தடவி, மரு மேல மட்டும் 17 சதவீத சாலிசிலிக் ஆசிட் பெயின்ட் (தடவுற திரவ மருந்து) போடுங்க. 12 வாரம் விடாம. புண்ணானா ரெண்டு நாள் நிறுத்துங்க.

பிளேடு வேண்டவே வேண்டாம், வைரஸைப் பரப்பும். பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) பாத்ரூமுக்குச் செருப்போட போங்க.

கேன்சர் பயம் வேண்டாம்: பாதத்தில் வர்றது ஹெச்பிவியில 1, 2, 4 மாதிரி வகைகள், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வேற.

சர்க்கரை நோயோ, காலில் மரத்துப்போறதோ இருந்தா ஆசிட்டைத் தொடாதீங்க. பெங்களூரு சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி தோல் பிரிவுல காட்டுங்க.