உம்மாவுக்குப் போட்ட ஊசி

கேள்வி: ஹஜ் போகும் எங்கள் உம்மாவுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். கிருமி மாறிக்கொண்டே இருக்கிறதாமே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் ஊர்ப் பயணிகள் அந்த ஊசி அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2000 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸின் 'டபிள்யூ' வகை பரவி, ஊர் திரும்பியவர்களோடு பல நாடுகளுக்குப் போனது. அப்புறம்தான் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்குமான ஊசியை சவுதி கட்டாயமாக்கியது.

நோயாளியின் ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ கிடைக்கும் கிருமியை வளர்த்து, அதன் மரபணுத் தொகுதியில் எழுத்துகள்போல வரிசையாக இருக்கும் சுமார் 22 லட்சம் வேதித் துணுக்குகளையும் படிக்கிறார்கள். இரண்டு கிருமிகளுக்குள் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால் சொந்தம் தெரிந்துவிடும். 2009க்குப் பிறகு இங்கிலாந்தில் டபிள்யூ வகை கூடியது. பழைய ஹஜ் கிருமிதான் என்று யாருக்கும் தோன்றும். படித்துப் பார்த்தால், அது தென் அமெரிக்கக் கிருமியின் பங்காளி! ஹஜ் பயணிகள் மீது வரவிருந்த வீண்பழியை அந்த எழுத்துகள் துடைத்தன என்பதில் எனக்குத் தனி நிம்மதி. 2015இல் அங்கே பதின்வயதினருக்கும் இதே நால்வகை ஊசியைத் தொடங்கினார்கள்.

சரி, ஒரு விஷயம். 'பி' வகைக்கு இந்த ஊசி காப்பு தராது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத செம்புள்ளிகள் தெரிந்தாலோ, விடிகாலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அந்த ராத்திரியே உம்மாவை ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.