பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் இலங்கை மலையகத்தில் கேமராவுடன் எங்கே போகலாம்?

ஹட்டனுக்கு வேலை மாற்றலாகி வந்திருப்பதாகவும், கையில் ஒரு பழைய கேமரா இருப்பதாகவும், ஓய்வு நாட்களில் எங்கே போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரன். பதினைந்து வருடங்களாகச் சனிக்கிழமைகளில் கேமராவுடன் இறங்கிவிடுகிறேன்.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் ஹப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட்டையும் எல்லோரும் சொல்வார்கள். ஒரு முறை போய் வாருங்கள். நான் சொல்வது ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸை. டிக்கோயா, காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்வூட் என்று போகும் அந்தப் பாதையில் பிடித்த இடத்தில் இறங்கி நடக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் ஈரம்தான். அப்போது பண்டாரவளைப் பக்கம் போங்கள், அங்கே வெயில் இருக்கும்.

மூடுபனியில் கேமராவின் ஒளிக் கணிப்பை அப்படியே நம்பாதீர்கள். வெண்மையைச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டி வையுங்கள். குளிரிலிருந்து லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டின்) குசினிக்குள் நுழைந்தால் லென்ஸ் உடனே வியர்த்துவிடும். பத்து நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தைத் தவற விடாதீர்கள். உலகப் புகைப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் தம் கணவருடன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். மகள் பரிசாகக் கொடுத்த கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 48. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார்; 1879 ஜனவரியில் இறந்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவ வேண்டிய காலம் அது. அத்தனை பாடுபட்டு அவர் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். நம் முன்னோராக இருக்கக்கூடியவர்கள். ஆனால் நான் பார்த்த படங்கள் எதிலும் அவர்கள் பெயர் இல்லை.

அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து கேமராப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். யாரைப் படம் எடுத்தாலும் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி எல்லாம் அதில் எழுதிவிடுவேன். அடுத்த முறை போகும்போது படத்தைப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன்.

தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களிடம் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். கேட்பதற்கும் நேரம் உண்டு. தேயிலைச் செடி நிரையில் நிற்கும்போது அவர்களை நிறுத்தினால் கொழுந்து குறையும். நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். நிறுவை முடிந்து கூடையை இறக்கி வைத்த பிறகு கேளுங்கள்.

போன பெப்ரவரியில் அப்படித்தான் ஓர் அக்காவிடம் கேட்டேன். “இரு தம்பி” என்று இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து உதறிவிட்டு, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கை விரல்களை மட்டும் மடித்து மறைத்துக்கொண்டார். தேயிலைக் கறை வெடிப்புகளில் கறுப்பாக இறங்கியிருந்தது. நான் அந்தக் கைகளையும் எடுக்க விரும்பினேன். அவர் மறைத்ததால் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் பிரதியைக் கொடுத்தேன். தம் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பின்னால் மங்கலாக விழுந்திருந்த ஓர் உருவத்தின் மேல் விரலை வைத்தார். அது படத்தைக் கெடுத்துவிட்டதென்று வெட்டி எடுக்க இருந்தேன், ஏனோ விட்டுவிட்டேன். “இது என் தங்கச்சி. கூடையைத் தூக்குகிறாள், பார். அவளுக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வா தம்பி” என்றார்.

தங்கையின் பெயரையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.