பிளாஸ்மா கட்டிங் டார்ச்சில் எலக்ட்ரோடும் நாசிலும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீணாகின்றன? வடிவமைப்பில் குறையா, நகல் பாகங்கள் காரணமா?

கேள்வியின் விளக்கத்தில், "பார்க்கப் போனால் ஒரு செப்புத் துண்டுதானே, இதை உருப்படியாக வடிவமைக்க முடியாதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. நானும் ஒரு காலத்தில் அதே வரியைச் சொன்னவன், அதற்காகக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. காற்றில் இயங்கும் டார்ச், உலோகத் தகடு வெட்டும், நிரலில் ஓடும் மேசையில் பொருத்தியிருக்கிறீர்கள். அரை ஷிப்ட் முடிவதற்குள் எலக்ட்ரோடு போய்விடுகிறது. மேலே இருக்கும் ஒருவர் கணக்குக் கேட்கிறார். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்; ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற பத்தில் எட்டுப் பேரின் பின்னால் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் செப்புத் துண்டு என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் ஆர்க்காகப் பாய்ந்து காற்றைப் பிளாஸ்மாவாக்குகிறது; அதை ஒடுக்கி வெளியே விடும் துளையுள்ள செப்பு முனைதான் நாசில். செப்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நாசில் துளைக்குள் ஓடும் பிளாஸ்மாவோ 20,000 டிகிரியைத் தாண்டும். துளையின் விட்டம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது உருகுநிலையைப் போல் பல மடங்கு சூடான ஒன்று, தலைமுடி அகல இடைவெளியில் செப்புச் சுவரை உரசாமல் போகிறது. உரசினால் முதல் நொடியிலேயே நாசில் உருகி வழிந்துவிடும்.

சுவரைக் காப்பாற்றுவது செப்பு அல்ல, காற்று. எலக்ட்ரோடைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுழல் வளையத்தில் சிறு துளைகள் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வரும் காற்று நேராக இறங்காமல் சுழன்றுகொண்டு இறங்கும். சுழற்சியில் குளிர்ந்த, கனமான காற்று வெளிப்பக்கம் தள்ளப்பட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சூடான, லேசான பகுதி நடுவில் நிற்கும். சுவரை ஒட்டிய அந்த மெல்லிய குளிர்ப்படலம் வெப்பத்தையும் தடுக்கிறது, மின்சாரத்தையும் தடுக்கிறது. அது ஓரிடத்தில் கிழிந்தால் ஆர்க் நேராகத் தகட்டுக்குப் போகாது. எலக்ட்ரோடிலிருந்து நாசிலுக்கும், நாசிலிலிருந்து தகட்டுக்கும் என இரண்டாகத் தாவும். இரட்டை ஆர்க் என்பது அதுதான். வட்டத் துளை நீள்வட்டமாகும், வெட்டு சாயும், மாலைக்குள் இன்னொரு நாசில் குப்பைக்குப் போகும். டார்ச்சை வடிவமைப்பது என்றால் பாதிக்கு மேல் இந்தக் காற்றை வடிவமைப்பதுதான்.

இப்போது என் கதை. மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. 100 ஆம்பியர், பெரும்பாலும் 12 மி.மீ. இரும்புத் தகடு. ஓர் எலக்ட்ரோடு சில நூறு தொடக்கங்களுக்கு (ஆர்க்கை ஒரு முறை பற்றவைப்பது ஒரு தொடக்கம்) வர வேண்டும். எனக்கு 40, 50-லேயே முடிந்துகொண்டிருந்தது. ஈரம் என்றார்கள், கம்ப்ரசரின் நீரை வடித்தேன். வடிகட்டியை மாற்றினேன். நகல் பாகம் என்றார்கள், அசல் பாகத்தைப் போட்டேன். எதுவும் மாறவில்லை. "டார்ச்சின் வடிவமைப்பே மோசம்" என்று புகார் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக, வீணான பாகங்களின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அன்று ராத்திரி, தூக்கிப் போட வைத்திருந்த எலக்ட்ரோடு ஒன்றை எடுத்து வைஸில் பிடித்து நீளவாக்கில் அறுத்தேன். எமெரித் தாளில் தேய்த்து முகத்தைச் சமப்படுத்தினேன். செந்நிறச் செப்பின் நடுவே தீக்குச்சித் தடிமனில் ஒரு சாம்பல் நிறத் தண்டு தெரிந்தது. ஹாஃப்னியம் என்ற உலோகம்; ஆர்க் கிளம்புவது அதன் முனையிலிருந்துதான். நல்லபடியாகத் தேய்ந்த எலக்ட்ரோடில் அதன் முனையில் கிண்ணம் போல, சரியாக நடுவில், ஒரு குழி விழும். என்னுடையதில் குழி ஒரு பக்கமாகச் சரிந்து ஓரத்துச் செப்பையும் தின்றிருந்தது. ஆர்க் நடுவில் நிற்கவே இல்லை என்பதை அந்தக் குழி எழுதியே வைத்திருந்தது.

நடுவில் நிறுத்த வேண்டியது சுழல் வளையம் ஆயிற்றே என்று அதைக் கழற்றினேன். ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு துளைகளில் வெளிச்சம் வரவில்லை. உள்ளே வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது, காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குப் போடும் கிரீஸ்.

அந்தக் கிரீஸைப் பூசியது நான்தான். தாராளமாகப் பூசினால் ரப்பருக்கு நல்லது என்று நம்பியிருந்தேன். ரப்பர் பளபளக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். மிச்சம் அத்தனையும் காற்றோடு போய்ச் சுழல் வளையத்தில்தான் உட்காரும்.

"அப்படியானால் சம்பளத்தில் பிடித்தது நியாயம்தானே?" என்று இங்கே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். இல்லை. மெல்லிய பூச்சு போதும் என்ற அந்த ஒரு வரி கையேட்டில் இருக்கிறது. கையேடோ அலுவலக அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. அழுக்காகிவிடுமாம். இயந்திரத்தில் நிற்பவன் கையில் கொடுக்காத கையேடு யாருக்காக அச்சிடப்பட்டது? டார்ச் வாங்கும்போது மேசையில் நிற்பவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாகம் தேய்ந்தால் மட்டும் அவன் பெயர் நினைவுக்கு வருகிறது. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். ஆனாலும் இத்தனை ஆண்டு கழித்தும் ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

வளையத்தைக் கழுவிப் போட்ட பிறகு ஆயுள் இரண்டு மடங்கானது. (ஊசியால் குத்தி அடைப்பு எடுக்காதீர்கள். துளை அகன்றால் சுழற்சி அதோடு கெட்டது.) ஆனால் வர வேண்டிய அளவு இன்னும் வரவில்லை. மீதிக் காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. எனக்கு இந்த டார்ச்சின் மேல் மரியாதை வந்தது அந்த மாதத்தில்தான்.

அது புரிய ஹாஃப்னியம் ஏன் வந்தது என்று தெரிய வேண்டும். 1957-இல் ராபர்ட் கேஜ் காப்புரிமை பெற்ற தொடக்ககால டார்ச்சில் இருந்தது டங்ஸ்டன். 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும், அசாத்திய உலோகம். ஆனால் ஆக்சிஜன் பட்டால் ஆக்சைடாகி ஆவியாகப் போய்விடும். ஆகவே ஆர்கான், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்று வாயுக்களைத் தேட வேண்டியிருந்தது. சாதாரணக் காற்றைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஆக்சிஜனில் நிற்கும் முனை தேவை. ஹாஃப்னியம் உருகுவது ஏறத்தாழ 2,230 டிகிரியில், டங்ஸ்டனைவிட மிகக் குறைவு. ஆனால் அதன் ஆக்சைடு ஆவியாகிப் பறக்காமல் முனையிலேயே தங்கி எலக்ட்ரான்களை வெளியிடும். சுற்றியுள்ள செப்பு வெப்பத்தை வாங்கிக் கடத்தும்.

கவனியுங்கள்: ஆர்க் எரியும்போது அந்த முனை திரவமாக இருக்கிறது. உருகிய ஒரு துளி, காற்று அழுத்தத்துக்கு நடுவே, கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறது. ஆர்க் பட்டென்று அணைந்தால் அந்தத் துளி பிய்த்துக்கொண்டு பறக்கும். அதனால்தான் நல்ல இயந்திரங்களில் வெட்டு முடியும்போது மின்னோட்டத்தையும் காற்றையும் சேர்த்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். அந்தச் சிறு அவகாசத்தில் துளி இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். அணைவதைக்கூட உட்கார்ந்து யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பட்டை பட்டையாக வெட்டும் வேலையில், டார்ச் தகட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடும்படி நிரல் இருந்தது. ஆர்க் அந்தரத்தில் இழுபட்டு அறுந்துவிடும். படிப்படியாக இறக்க நேரமே கிடைக்காது. நாசிலின் உட்புறத்தில் வெள்ளிப் பொட்டுகள் தெறித்திருந்தன. அதுவரை அவற்றைக் கசடு என்று நினைத்திருந்தேன்; அவை பிய்த்துக்கொண்டு பறந்த ஹாஃப்னியத் துளிகள். ஆர்க் உலோகத்தின் மேல் இருக்கும்போதே வெட்டு முடியும்படி நிரலின் கடைசி வரிகளை மாற்றினேன். அந்த வாரமே எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது.

எல்லாருக்கும் இதே காரணம்தான் என்று நான் சொல்லவில்லை. ஈரமும் எண்ணெயும் உண்மையிலேயே பெரிய எமன்கள். சோதிக்க, ஆர்க் பற்றவைக்காமல் காற்றை மட்டும் திறந்து, டார்ச்சின் முன் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். நனைந்தாலோ கறை விழுந்தாலோ வேறு எதையும் பார்க்க வேண்டாம், காற்றைச் சரிசெய்யுங்கள். வெட்டத் தொடங்குவதற்குத் தகட்டைத் துளைக்கும்போது டார்ச் மிகத் தாழ்ந்திருந்தால் தெறிக்கும் உருகல், நாசிலுக்கு முன்னால் இருக்கும் காப்பு மூடியான ஷீல்டையும் நாசிலையும் அடைக்கும். வெட்டும் உயரத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரத்தில் துளைப்பது வழக்கம். நகல் பாகங்களுக்கு நான் வக்கீல் இல்லை, எதிரியும் இல்லை. ஹாஃப்னியம் செப்போடு இறுக்கமாகப் பொருந்தாமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெப்பம் வெளியேற வழியின்றி முனை கரைந்துவிடும், கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பழைய எலக்ட்ரோடுகளைத் தூக்கிப் போடாமல் ஐந்தாறு சேர்த்து வையுங்கள். குழி நடுவில் இருக்கிறதா, சரிந்திருக்கிறதா. ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகும் ஓட்டினீர்களா. நாசிலின் உட்புறத்தில் வெள்ளிப் பொட்டு உண்டா. ஒவ்வொன்றும் எத்தனை தொடக்கம் வந்தது. இந்த நான்கையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.