தீவின் பழைய கழுதைப் பாதைகளை நடைப்பயணிகளுக்குத் திறக்கலாமா?

கேள்வி: ஏஜியன் கடலில் உள்ள சிறிய கிரேக்கத் தீவு ஒன்றில், கணவரின் ஊரில், விடுதி நடத்துகிறேன். ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைக்காது. மற்ற மாதங்களில் ஆளே இல்லை. கிராமங்களுக்கிடையே 60 கிலோமீட்டர் அளவுக்குக் கல் பாவிய பழைய கழுதைப் பாதைகள் முள் மண்டிக் கிடக்கின்றன. அத்தனையையும் சுத்தம் செய்து பலகை வைக்க நகராட்சி ஒருமுறை மட்டும் பணம் தருகிறதாம். ஏற்கலாமா?

பதில்: பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், 60 கிலோமீட்டரையும் திறக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் உங்களால் எவ்வளவு தூரம் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்க முடியுமோ, அதற்கு மட்டும் பலகை வையுங்கள். குளிர்கால மழைக்குப் பிளாக்பெர்ரிக் கொடியும் முட்புதர்களும் தழைத்து, சில ஆண்டுகளில் பாதையை மூடிவிடும். பலகையை நம்பி வந்தவர் பாதி வழியில் முள்ளில் சிக்கி, சுவர் ஏறி யாருடைய வயலிலாவது இறங்குவார். அத்தோடு அந்த நிலத்துக்காரரும் உங்களுக்குப் பகை. முதல் ஆண்டுக்கு 15 கிலோமீட்டர் போதும். ஆண்ட்ரோஸ் தீவில் 2010இல் தொடங்கிய வேலை, 2015இல் 100 கிலோமீட்டர் பாதைக்கு ஐரோப்பியத் தரச்சான்று பெறும் அளவுக்கு வளர்ந்தது. தன்னார்வலர்கள் விடாமல் செய்த பராமரிப்புதான் அதன் பலம்.

வழியுரிமையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஸ்பெயினின் மெனோர்காத் தீவைச் சுற்றிவரும் 185 கிலோமீட்டர் பாதையில் பல இடங்களை நிலத்துக்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். பொதுமக்கள் நடக்கும் உரிமைக்கு 2000இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. ஆடு மேய்ப்பவர்களின் கவலை வேறு: திறந்துவிட்ட கதவு. தானாக மூடிக்கொள்ளும் கதவை உங்கள் செலவில் மாட்டிக்கொடுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

வெட்டும் அளவு: அகலம் ஒன்றேகால் மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் பாதிக்குள் முடியுங்கள். மே 1 முதல் அக்டோபர் 31 வரை கிரேக்கத்தில் காட்டுத்தீ எச்சரிக்கைக் காலம். புதர்வெட்டியின் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி ஒன்றே போதும். இலையுதிர்கால மழைக்கு முன் பாதையின் குறுக்கே நீர் வடியும் வாய்க்கால்களைத் தூர் வாருவது கைவேலைதான், ஆனால் தவறவிட்டால் ஒரே மழையில் பாதையே ஓடையாகிவிடும்.

பாதையோரக் கல் சுவர் சரிந்த இடத்தில் சிமென்ட் பூசலாம் என்பார் ஒப்பந்ததாரர். விடாதீர்கள். சாந்தில்லாமல் அடுக்கிய சுவரில் மழைநீர் கல்லிடுக்கில் கசிந்து வெளியேறும். சாந்து பூசினால் தண்ணீர் பின்னால் தேங்கி, மண் ஊறிக் கனத்து, சுவர் வயிறு தள்ளி ஒருநாள் மொத்தமாக விழும். உறுதியான பகுதி தெரியும்வரை இருபுறமும் பிரியுங்கள். கற்களை அளவுவாரியாக ஒதுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் வானம் தோண்டி, பெரிய கற்களை அடியில் போடுங்கள். கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும். முகப்பு அழகாகத் தெரியட்டும் என்று நீளக் கல்லை வெளிப்பக்கம் படுக்க வைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அது பிடிப்பில்லாமல் உருண்டு வந்துவிடும். இரு கற்கள் சேரும் மூட்டின் மேல் அடுத்த வரிசையின் மூட்டு வரக் கூடாது. முதுகில் மண் கொட்டாமல் சிறுகல்லால் இறுக்கி நிரப்புங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் மலைப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கைதேர்ந்தவர் நாளுக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர் முடிப்பார். கிரேக்கம் உள்ளிட்ட எட்டு நாடுகளின் இந்தக் கைத்திறனை 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஊரில் இது தெரிந்த முதியவர் இருந்தால் அவருக்கு நல்ல கூலி கொடுத்து, இரண்டு இளைஞர்களைக் கூட நிறுத்துங்கள்.

பலகையில் தூரத்தோடு நேரமும் வேண்டும். சமதளத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு 500 மீட்டர் என்று கணக்கிடுங்கள். 6 கிலோமீட்டர் பாதையில் 450 மீட்டர் ஏற்றமும் 250 மீட்டர் இறக்கமும் இருந்தால் தூரத்துக்கு ஒன்றரை மணி, ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு மணி. பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டினால் இரண்டே முக்கால் மணி நேரம். வழிகாட்டும் குறிகளைப் போட்ட பிறகு ஊருக்குப் புதியவர் ஒருவரை எதிர்த்திசையில் தனியாக நடக்கவிட்டுப் பாருங்கள். எந்தச் சந்திப்பில் குறி போதவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

ஜூலை, ஆகஸ்டுக்கு நடைப்பயண விளம்பரமே வேண்டாம். 2024 ஜூன் வெப்ப அலையில் கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போன சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்தார்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவைதான் உங்கள் மாதங்கள். எலியோனோரா வல்லூறுகள் கடலோரப் பாறைகளில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குஞ்சு வளர்க்கும். உலகில் உள்ளவற்றில் பெரும்பங்கு கிரேக்கத்தில்தான் கூடு கட்டுகிறது. கூடுள்ள பாறை விளிம்புக்குப் பாதையைக் கொண்டுபோக வேண்டாம்.

பாதை எங்கே முடிய வேண்டும் என்பதில் கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள சமாரியா பள்ளத்தாக்கைப் பாருங்கள். 16 கிலோமீட்டர் இறங்கி, சாலையே இல்லாத அயியா ருமேலியில் முடிகிறது. அங்கிருந்து படகு, பிறகு பேருந்து. நடப்பவர்களில் மிகப் பலர் அன்று மாலையே திரும்பிவிடுவதால் கிராமத்துக்கு மதியச் சாப்பாட்டுக் காசுதான் மிச்சம். உங்கள் பாதைகளை ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாத கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படுக்கையும் இரவுச் சாப்பாடும் கிடைக்கும் ஊரில் முடியுங்கள். முன்பதிவுக்கு முன்பே மற்ற ஊர் விடுதிக்காரர்களோடு பேசி, பெட்டியை அடுத்த ஊருக்கு யார் வண்டியில், என்ன கட்டணத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிடுங்கள்.