அண்ணனின் ரத்த சாம்பிள் எங்கே போகும் என்று கேட்ட பெண்

அன்புள்ள அம்மா,

மகன் ராணுவத்தில் சேர்ந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டருக்குப் படிக்காமல் லேப் படிப்பு கேட்கிறாள், சொந்தபந்தம் ஏளனமாகப் பேசுகிறது என்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் வாயை அடைக்க வீட்டை அடமானம் வைத்து மருத்துவ சீட் வாங்கப் பார்ப்பது தவறு. நாளைக்குக் கடனைக் கட்டப்போவது சொந்தபந்தம் இல்லை.

உடற்தகுதித் தேர்வில் அண்ணனிடம் எடுத்த ரத்தம் என்ன ஆகும் என்று அவள் கேட்டாளாமே, அதிலேயே ஒரு தொழில் இருக்கிறது. பாசறையில் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்து எழுபவர்கள். ஒருவருக்கு வந்தால் அடுத்த கட்டிலுக்குப் பரவும். 1918இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பயிற்சி முகாம்களைச் சூறையாடியது. அதனால்தான் பல ராணுவங்கள் சேரும்போதே காசநோய் இருக்கிறதா என்று சோதிக்கின்றன. கூடப் படுப்பதால் பரவாவிட்டாலும், ரத்தத்தின் வழியாகப் பரவும் எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஆகியவற்றுக்கும் சோதனை உண்டு.

சோதிப்பது சுலபம், முடிவைப் படிப்பதுதான் கஷ்டம். 10,000 பேரில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். தொற்றில்லாதவர்களில் 99 சதவீதம் பேரைச் சரியாகச் சொல்லும் சோதனைகூட, நோயே இல்லாத சுமார் 100 பேரை நோயாளி என்று காட்டிவிடும். வேறு முறையில் மறுபடி உறுதி செய்யாமல் ஒரு பையனைத் திருப்பி அனுப்பினால் அவன் வாழ்க்கை என்னாவது? அதைத் தடுப்பது ஆய்வகத்தில் இருப்பவர்தான்.

அப்புறம் அந்த மிச்ச ரத்தம். அமெரிக்க ராணுவம் 1985 முதல் எச்ஐவி சோதனை செய்கிறது. மிஞ்சும் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, உறைய வைத்துச் சேமிக்கிறது. 1 கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் பதிவுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் வந்த 955 பேரை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, அவர்களில் 801 பேரின் பழைய சாம்பிள்களை ஆராய்ந்தார்கள். எப்ஸ்டீன்-பார் என்ற, பலருக்கும் வரும் சாதாரண வைரஸ் தொற்றினால் அந்த நோய்க்கான ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் வெளியிட்டார்கள். யாரோ ஒழுங்காக லேபிள் ஒட்டி, ஒழுங்காக உறைய வைத்ததால் வந்த பலன் இது.

மருத்துவ ஆய்வக அறிவியலில் பட்டம், பிறகு நோய்கள் யாருக்கு, எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவலியலில் மேற்படிப்பு: அவளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். கணக்கும் நுண்ணோக்கியும் பிடித்த பெண்ணுக்கு இரண்டும் பொருந்தும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் கையாலேயே சோதனை செய்கிறார்கள், எந்த மருத்துவமனையில் பயிற்சி, படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். விசாரிக்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும்.